காப்புக் கட்டிய கோச்

மாசி அமாவாசைக்கு மறுநாள் காலையில் சதீஸ்குமார் மீசையில்லாமல் பீலிக்குத் தண்ணீர் எடுக்க வந்தான். குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் யாரோ வெளியாள் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். ஆளை அடையாளம் கண்டதும் ஒருத்தி சிரிக்க, பீலியடியே சிரித்தது.

"என்ன சேர், மீசைய எந்தக் கொரங்கு புடுங்கிட்டுப் போச்சு?" என்று கேட்டது நான்தான்.

"கேலி பண்ணாதீங்க அங்கம்மாக்கா. இந்த வருசம் ரதி நான்தான்."

மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. காமன் கூத்தில் மன்மதன் எரிவான், ரதி அழுவாள். ரதிக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆண்பிள்ளைதான் சேலை கட்டவேண்டும். வேசம் போடுகிறவர்களுக்குக் காப்புக் கட்டிவிட்டால் கூத்து முடிந்து அதை அவிழ்க்கும்வரை கறி, மீன் தொடக்கூடாது. பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது.

அவன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாத சுவர். இந்த வரிசை வீட்டு லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரன் செங்கல்லில் மிச்சம் பிடித்ததில் எனக்குக் கிடைத்த லாபம், பக்கத்து வீட்டில் சீனி முடிந்தால் அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் சொல்வது எதுவும் இட்டுக்கட்டியது இல்லை. காது கொடுத்ததுதான்.

சதீஸ்குமாரை எல்லோரும் கோச் சேர் என்று கூப்பிடுவதற்கு முன்னால் அவன் ஓடுகாலியாக இருந்தான். கெட்ட அர்த்தத்தில் இல்லை, நிஜமாகவே ஓடினான். பள்ளிக்கூடப் போட்டியில் அவன் ஓடியதைப் பார்த்த பதுளைப் பக்கத்து மாஸ்டர் ஒருவர் கையில் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கொடுத்து, இதையும் தூக்கிக்கொண்டு ஓடு என்றார். றக்பி என்றால் எங்களுக்கு அப்போது பிஸ்கட்டின் பெயரா சவர்க்காரத்தின் பெயரா என்றுகூடத் தெரியாது. இவன் மைதானத்தின் ஓரக்கோட்டோடு ஒட்டி ஓடுகிற ஆளாக ஆனான். கொழும்பில் ஒரு கம்பனி ஸ்டோரில் வேலையும் கொடுத்து டீமிலும் சேர்த்துக்கொண்டார்கள். பேப்பரில் படம் வந்தது. பெயரைத்தான் சதீஷ் குமார என்று சிங்களவனாக்கிப் போட்டிருந்தார்கள். பின்னால் அவனுக்கு மாமனாரான பொன்னையா அந்தப் பேப்பரை இன்னும் மடித்து வைத்திருக்கிறார். "மருமகன் நம்ம ஆள்தான், பேர் மட்டும் கொழும்புக்குப் போய்ட்டு வந்திருக்கு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அவனிடம் ஒரு குணம். பந்து கைக்கு வந்தால் யாருக்கும் கொடுக்கமாட்டான். கொடுத்தால் என்ன என்று கேட்டால், "கடைசிக் கோட்டுக்கு வழி எனக்குத் தெரியுதே, எதுக்குக் குடுக்கணும்?" என்பான். கடைசி ஆட்டத்தில் எதிராளி மூன்று பேர் மறித்துக்கொண்டு வந்தார்கள். இவன் டீம் பையன் ஒருத்தன் பக்கத்திலேயே சும்மா ஓடிவந்து, "மச்சான், மச்சான்" என்று கையை நீட்டினானாம். இவன் கொடுக்கவில்லை. மூன்று பேரும் மேலே விழுந்ததில் வலது முழங்கால் திரும்பிவிட்டது. கம்பனி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தது. வேலையையும் அப்புறம் பார்த்துக்கொண்டது, வேறு ஆளைப் போட்டு.

திரும்பிவந்து விஜயலெட்சுமியைக் கட்டினான். அவள் கொழுந்து பறிக்கிறாள். இவன் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, பின்னேரத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறான். இடம், காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம். ஒரு பக்கம் சரிந்த களம் அது. பந்து தவறினால் தேயிலைக்குள் உருண்டு போய்விடும், எடுக்கப் போகிறவள் காலில் அட்டையோடு வருவாள். இழுத்து விழுத்தப் பழகும்போது முட்டி உரியாமல் இருக்கக் கொழுந்துக்காரிகளின் பழைய படங்குச் சாக்குகளை இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள். சாக்கு மூட்டைகள் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் மேட்டில் ஓடிப் பழகிய பிள்ளைகள், மட்டமான மைதானத்தில் விட்டால் பிடிக்கமுடியாது.

கோச்சும் சேர்ந்து ஓடுவான், அதுதான் வேடிக்கை. ஓரக்கோட்டுக்கு வெளியே, நொண்டிக் காலோடு, பந்து வைத்திருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில். "ஓடு! குடுக்காத! கோட்டப் பாரு! கோட்டுல கால் பட்டா நீ வெளிய! ரெப்ரீ பாக்காட்டியும் வெளிய! ஒங்காலுக்குத் தெரியும்ல!" இந்தக் கடைசிப் பேச்சு எங்கள் லயத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட மனப்பாடம்.

இந்த வருடம் அந்தப் பிள்ளைகள் அரையிறுதிக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் பண்டாரவளையில். தோற்கிற நிலைமை வந்ததும் கோச் போனை எடுத்துவிட்டான். மாமனாருக்குப் போன் போட்டு, "மாமா, சாமிய வேண்டிக்கங்க! இதுல ஜெயிச்சா இந்த வருசம் ரதி நான் கட்டுறேன்!" என்று கத்தினான். பொன்னையாதான் கூத்து வாத்தியார். ரதிக்கு ஆள் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். அவருக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில்தான் வைப்பார். ஆக, வாக்கு லயம் முழுவதும் விழுந்தது. அடுத்த நிமிடம் பிள்ளைகள் ஜெயித்தார்கள்.

அப்போது இறுதி ஆட்டம் கூத்து முடிந்த பிறகுதான் என்று இருந்தது. காப்புக் கட்டியதில் ஒரு சங்கடமும் இல்லை. சங்கடம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் சுவருக்கு மேலால் வந்தது.

"சனிக்கிழமையாம் விஜி."

"எது?"

"பைனல். கிரவுண்ட அடுத்த கிழம வேற எதுக்கோ குடுத்துட்டாங்களாம். முன்னுக்கு இழுத்துட்டாங்க."

ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது. நானும் அம்மியில் சம்பல் அரைப்பதை நிறுத்தினேன்.

"சனிக்கிழமைன்னா காப்புக்குள்ளல்ல வருது."

"அதத்தான் சொல்றேன்."

"அப்பப் போவாதீங்க."

"போவாதீங்கன்னா? வெளயாடுறியா? மாகாணத்து ஆளுங்க வாராங்க. பைனலுக்கு வார ரெண்டு டீம் கோச்சுல ஒருத்தரத்தான் ஊவா பொம்பளப் புள்ளைங்க டீமுக்குப் போடுவாங்களாம். இந்தக் கால் போனதுக்கப்புறம் எனக்குன்னு வந்திருக்கிறது இது ஒண்ணுதான் விஜி."

"அப்பக் காப்பக் கழட்டிட்டுப் போங்க. எங்கப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, எனக்கு வாய் இல்ல."

"ஒரு நூலு. ஒரு மஞ்சத் துண்டு."

"கீழ் லயத்துல ரெண்டு காம்பரா மண்ணுல போச்சே, மறந்துட்டீங்களா?"

"அது மழையில போச்சு."

"மழைன்னுதான் நானும் சொல்றேன். அவங்க அப்படிச் சொல்லலையே. அப்பாவுக்குக் கண்ணு ஆப்பரேசன்னு போன வருசம் கூத்து நின்னுச்சு, அதாலதான் மல எறங்குச்சுன்னு சொல்றாங்க. பயந்துபோய்க் கெடக்குற சனம். நாளைக்கு இன்னொரு காம்பரா போனா நம்ம வாசல்லதான் வந்து நிப்பாங்க. என்னோட மலைக்கு வந்து ஒரே நெரையில கொழுந்து எடுக்குறவங்க. அவங்க மூஞ்சிய நான்தானே பாக்கணும்?"

 கொஞ்ச நேரம் கழித்து ரொட்டி கருகுகிற வாசம் என் பக்கத்துக்கும் வந்தது. நான் "விஜி, ரொட்டி!" என்று சுவருக்கு மேலால் சொன்னேன். உதவி செய்கிறதில் என்ன தப்பு?

மறுநாள் வேலை விட்டதும் கோயில் முன்னால் ஒத்திகை. கம்பம் நட்டிருந்தது. நமுனுகுல மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, குளிர் காதைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. தப்பு மேளத்தைக் காயவைக்கச் செத்தையைக் கொளுத்தியிருந்தார்கள். அதில் கை காய்ச்சுகிற சாக்கில் நானும் போயிருந்தேன்.

"மாமா, ஒரு நாள். காலையில போயிட்டுப் பின்னேரம் வந்துருவேன்."

"மன்மதன் எரியிறதும் ஒரு நாள்தான் மாப்ள."

"வேற ஆளுக்குக் கட்டிவிடுங்களேன்."

"காப்பு என்ன தொப்பியா, தலைக்குத் தலை மாத்திப் போட? ரதி கட்டச் சொல்லி நானா கேட்டேன்? போன்ல கத்துனது நீங்க. லயமே கேட்டுச்சு."

லயமே என்று சொல்லும்போது அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.

"ஏன் அண்ணே, தோட்டத்து மண்ண சப்பாத்துக்குள்ள போட்டுக்கிட்டுப் போனா என்னா? எங்க போனாலும் கால் நம்ம மண்ணுலதானே நிக்கும்?"

இந்த யோசனை தன்னுடையது என்று இப்போது ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். என்னுடையதுதான். அன்றைக்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மண் ஈரமாக இருக்கவேண்டுமா, காய்ந்தாலும் செல்லுமா, ஒரு காலுக்குப் போதுமா, இரண்டுக்கும் வேண்டுமா. தப்படிக்கிறவர், வான் வண்டியில் காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டால் மண்ணே தேவையில்லை என்றார். பொன்னையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காமனுக்கும் கண்ணு ஆப்பரேசன்னு நெனைச்சா போட்டுக்கிட்டுப் போங்க. கட்டுனது நான். சுமக்கிறது நீங்க. எனக்கு இதுல பேச்சில்ல" என்று சொல்லிவிட்டுத் தாளத்தை எடுத்தார்.

பேச்சில்லை என்பதைச் சதீஸ்குமார் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். நினைத்ததைக் காதில் வாங்குகிற பழக்கம் ஓடுகிறவர்களுக்கு உண்டு.

சனிக்கிழமை விடியும்போது நல்ல பனி. றஹீம் நானாவின் வான் பெரட்டுக்களத்தில் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளைகளோடு பெண் ஒருத்தி போகவேண்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். விஜயலெட்சுமி வேலைக்குப் போகாமல், தண்ணீர்ப் போத்தல்களையும் ரொட்டிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். புருசன் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. நான் சந்திக் கடையில் பால்மா வாங்கவேண்டியிருந்தது. அதனால் நானும் ஏறிக்கொண்டேன்.

சதீஸ்குமார் முன்சீட்டில். பழைய கம்பனி டீசேட், கழுத்தில் விசில், காலில் கனத்த சப்பாத்து. நடக்கும்போதே உள்ளே மண் நறநறவென்றது.

தோட்டத்து எல்லை ஒரு சின்னப் பாலம். அடியில் ஓடைத் தண்ணீர் போகிறது. எங்கள் பக்கத்தில் வெள்ளை பூசிய எல்லைக் கல். அதற்குக் கிட்டே வந்ததும் பின்னாலிருந்து சுதர்ஷினியின் குரல் வந்தது. "நானா, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

சுதர்ஷினிதான் டீம் கெப்டன். சிரிக்கத் தெரியாத பிள்ளை. எதையும் நேராகக் கேட்கும், கேட்டதை நேராகச் செய்யும்.

"என்ன, வயித்தக் கலக்குதா?" என்றான் சதீஸ்குமார்.

"இல்ல சேர். ஒரு சந்தேகம். மண்ணு சப்பாத்துக்குள்ள இருந்தா, கால் உள்ளயா வெளியயா?"

"அது... இது வேற."

"வெளயாட்டுல வந்தா எனக்குத் தெரியணும்ல சேர். கால் கோட்டுக்கு வெளிய பட்டுட்டா, சப்பாத்துல கிரவுண்டு மண்ணு ஒட்டியிருக்குன்னு ரெப்ரீகிட்டச் சொல்லலாமா?"

பின்சீட்டில் ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். சுதர்ஷினி சிரிக்கவில்லை. அவள் கிண்டல் பண்ணியிருந்தால் அவன் ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, "போங்க நானா" என்றிருப்பான். அவளோ விடை எழுதப்போகிறவள் மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

றஹீம் நானா இஞ்சினை அணைத்தார். ஓடைச் சத்தம் கேட்டது.

"சொல்ல ஏலாது" என்றான் சதீஸ்குமார்.

"ரெப்ரீ பாக்காட்டி?"

"பாக்காட்டியும் வெளியதான்."

கதவைத் திறந்து இறங்கினான். எல்லைக் கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தான். மண் கட்டியாக விழுந்தது. எவ்வளவு போட்டிருக்கிறான்! ஒரு பூந்தொட்டிக்குக் காணும்.

விஜயலெட்சுமி யன்னலால் கையை நீட்டினாள். அவன் விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தான். "புள்ளைங்க என்னயத்தான் தேடுவாங்க விஜி. நீ கோட்டுக்குப் பக்கத்துல நில்லு, போதும்."

"எனக்கு என்னா தெரியும்?"

"ஒண்ணும் சொல்லாத. நின்னா போதும்."

நானும் இறங்கிக்கொள்ள, வான் பாலத்தைத் தாண்டியது. அவன் வெறுங்காலோடு இரண்டு எட்டு ஓடி, கல்லடியில் நின்றான். அன்றைக்கு எனக்குப் பால்மா வாங்கும் ஞாபகமே வரவில்லை.

தோட்டத்தில் போனில் படம் பார்க்கிற அளவுக்குச் சிக்னல் கிடைப்பது கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறையில் மட்டும்தான். ஆட்டத்தை யாரோ பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினார்கள். டேட்டா என் போனில் இருந்தது, ஆட்டம் புரிகிற கண் அவனிடம் இருந்தது. இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்தோம். அவன் உட்காரவில்லை என்று சொல்வதுதான் சரி. படத்தில் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடினார்களோ அந்தப் பக்கம் பாறையின் விளிம்புவரை போய்த் திரும்பி வந்தான். "சேர், போன் என் கையில இருக்கு, நீங்க ஓடுனா எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டதும் நின்றான். பிறகு மறுபடியும் ஓடினான்.

முதல் பாதியில் பிள்ளைகள் திணறினார்கள். பந்து கைக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் ஓரக்கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கூட ஓடிவர யாரும் இல்லை. ஒரு பொம்பளை நைலக்ஸ் சேலையில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட கோச் கையைக் கட்டிக்கொண்டு, படம் பிடிக்க நிற்கிற மாதிரி நின்றார். இரண்டு தரம் அவர் டீம் பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் வைத்துக் கோடு போட்டது.

"பாக்காதீங்கடி! என்னயப் பாக்காதீங்க!" என்று சதீஸ்குமார் போனைப் பார்த்துக் கத்தினான்.

படத்திலே விஜயலெட்சுமி என்ன நினைத்தாளோ, திரும்பி நின்றுகொண்டாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு பிள்ளைகள் யாரைப் பார்ப்பது? ஒருத்தியை ஒருத்திதான் பார்த்தார்கள். பந்து கைக்குக் கை போகத் தொடங்கியது. ஒரு கோடு போட்டார்கள், பிறகு இன்னொன்று. கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது, பந்து சுதர்ஷினியிடம் வந்தது.

ஓரக்கோட்டோடு ஒட்டி வந்தாள். அவனே ஓடுகிற மாதிரி இருந்தது. அதே குனிவு, அதே தோள். மூன்று பேர் குறுக்கே வந்தார்கள்.

"ஓடு! ஓடு! குடுக்காத!"

படம் அப்படியே உறைந்துவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் என் கையைப் போனோடு சேர்த்துப் பிடித்து வானத்துக்குத் தூக்கினான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. படம் திரும்பி வந்தபோது, சுதர்ஷினி மூன்று பேருக்கு அடியில் கிடந்தாள். அவளிடம் பந்து இல்லை. டீமிலேயே குள்ளமான பிள்ளை ஒன்று, யாரும் துரத்தாமல், பந்தைக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு தனியே ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தது.

"குடுத்துட்டா" என்றான்.

நான் கத்திக்கொண்டிருந்தேன். கோயிலடியில் இருந்தவர்களும் ஓடிவந்து கத்தினார்கள். அவன் பாறையில் உட்கார்ந்து வலது முழங்காலைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். "குடுத்துட்டாக்கா. மூணு பேர் வந்தாங்க, குடுத்துட்டா."

கொஞ்சம் கழித்து விஜயலெட்சுமி பேசினாள். ஸ்பீக்கரில் போடு என்று நான் சொல்லவில்லை. போன் என்னுடையது, அது தானாகவே அப்படித்தான் பேசும்.

"ஜெயிச்சிட்டோங்க."

"பாத்தேன். சுதர்ஷினிக்கு அடி கிடி?"

"ஒண்ணுமில்ல, எந்திரிச்சிட்டா. என்னங்க..."

"சொல்லு."

"மாகாணத்து வேல அந்த வெள்ளத் தொப்பிக்காரருக்குத்தானாம். ஒங்க கோச் எங்கன்னு கேட்டாங்க. காப்புக் கட்டியிருக்காருன்னு சொன்னேன். கோச் இல்லாமலே ஜெயிக்கிற டீமுக்குக் கோச் எதுக்குன்னு ஒரு பெரியவர் சிரிச்சாரு."

இவன் மணிக்கட்டு நூலை விரலால் திருகிக்கொண்டிருந்தான். பாறைக்குக் கீழே தேயிலை பச்சையாகக் கிடந்தது.

"இன்னொண்ணு சொன்னா கோவிக்கக்கூடாது."

"ம்."

"நீங்க வந்திருந்தா தோத்திருப்போம்."

திட்டப்போகிறான் என்று நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"தெரியும்" என்றான். "நீ ஏன் திரும்பி நின்ன?"

"அவங்க என் மூஞ்சியப் பாத்தாங்க. எனக்குப் பயமா இருந்திச்சி. பயத்தக் காட்டக்கூடாதுன்னு திரும்பிட்டேன்."

"நல்லா நின்ன" என்றான். 

பின்னேரம் கோயிலடியில் ராத்திரிக் கூத்துக்கு வேசம் போடத் தொடங்கினார்கள். பொன்னையாவே மருமகனுக்கு முகத்தில் ரோஸ் பவுடர் அப்பினார். வழக்கமாகப் பூசும்போது வாய் ஓயாமல் திட்டுகிறவர், அன்றைக்குப் பேசாமல், கண்ணோரத்தில் மை வழியும்போதெல்லாம் விரலால் துடைத்துத் துடைத்துப் போட்டார். "இது வழிஞ்சுகிட்டே இருக்கு, என்ன மையோ" என்று மட்டும் சொன்னார். மை நல்ல மைதான். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

சிவப்புச் சேலை கட்டி, சவுரி முடி வைத்து, பூ வைக்கிற நேரத்தில் கீழே வான் ஹோர்ன் விடாமல் அடித்தது. சதீஸ்குமார் எழுந்தான். "மாப்ள, ஒரு காதுக்குத்தான் தோடு போட்டிருக்கு!" என்று பொன்னையா கத்தக் கத்த, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினான். அந்தக் காலோடு அப்படி ஓடுவான் என்று நான் நினைக்கவில்லை. பாதித் தோட்டம் பின்னால் ஓடியது. நானும் முடிந்த மட்டும் ஓடினேன். இதையெல்லாம் தவறவிட முடியுமா?

எல்லைக் கல்லடியில் நின்றுவிட்டான். வான் பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் நின்றது. பிள்ளைகள் யன்னலால் தலையை நீட்டி, "ரதி சேர்! ரதி சேர்!" என்று கூவினார்கள். விஜயலெட்சுமி இறங்கினாள், விசில் அவள் கழுத்தில் தொங்கியது. புருசனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எவ்வளவு எட்டிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

சுதர்ஷினி பந்தோடு இறங்கினாள். நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பாலத்துக்கு அப்பால் நின்று பந்தை அவனிடம் எறிந்தாள்.

பிடித்தான். வளையல்கள் கலகலத்தன. பந்து கையில் வந்ததும் உடம்பு தானாகக் குனிந்தது, தோள் முன்னே சரிந்தது, வலது கால் எழும்பியது. பொன்னையா கையில் தோட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.  எழும்பிய கால் கல்லுக்கு இந்தப் பக்கத்திலேயே இறங்கியது. நான் குனிந்தே பார்த்தேன். கோட்டில் படவில்லை.

பிறகு அவன் பந்தைப் பாலத்துக்கு மேலால் அவளிடமே எறிந்தான். இத்தனை வருடத்தில் சதீஸ்குமார் கைக்கு வந்த பந்தை இன்னொருத்தருக்குக் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.